பாராமெடிக்கல் சீட்: படிப்பின் பெயரைப் பார்ப்பதா, பின்னால் நிற்கும் ஆஸ்பத்திரியைப் பார்ப்பதா?

கலந்தாய்வு சமயத்தில் ஒரு நாள் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று. அதில் மூன்று வரிகள். அரசு மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே, சி.டி. போன்றவற்றை எடுக்கும் படிப்பு. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி. இரண்டும் சரிப்படாவிட்டால் டி.எம்.எல்.டி. என்கிற இரண்டு வருட லேப் டிப்ளமா. "எதை முதல்ல போடறதுண்ணே?" என்று கேட்டார். விருப்பப் பட்டியலை அந்த வாரமே நிரப்பியாக வேண்டும். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்ற வருத்தம் முகத்தில் அப்படியே இருந்தது.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வியோடு நாலைந்து குடும்பங்கள் வரும். எல்லோரும் படிப்பின் பெயரைத்தான் ஒப்பிடுகிறார்கள். பிசியோ பெரிதா, ரேடியோகிராபி பெரிதா, டிகிரி பெரிதா, டிப்ளமா பெரிதா என்று. நான் முதலில் கேட்பது வேறு: அந்தக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரி எது, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்?

காரணம் இதுதான். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியில் படித்தாலும், இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம். கிண்டியில் இருக்கும், 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மட்டும் தங்கள் பெயரிலேயே பட்டம் தரும். மற்றபடி பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, சான்றிதழில் உள்ள முத்திரையும் ஒன்று. அப்படியானால் இரண்டு மாணவர்களுக்குள் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வார்டிலிருந்தும் ஓ.பி.யிலிருந்தும்தான் வருகிறது.

என் துறையையே எடுத்துக்கொள்கிறேன். மாவட்டத் தலைநகர் ஜி.ஹெச். லேபில் காலை ஒன்பது மணிக்கு ட்ரே ட்ரேயாக ரத்த சாம்பிள் வந்து இறங்கும். டெங்கு சீசனில் பிளேட்லெட் பார்க்க வருவது தனி. மலேரியா ஒட்டுண்ணி, காசநோய்க் கிருமி, ரத்தப் புற்றுநோயின் முதிராத அணுக்கள் எல்லாவற்றையும் பயிற்சிக் காலத்திலேயே ஸ்லைடில் கண்ணால் பார்த்துவிடலாம். சிறிய தனியார் ஆஸ்பத்திரியோடு இணைந்த கல்லூரியில் இவற்றைப் படத்தில் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதும் பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் மீது குறை இல்லை. பார்க்கக் கேஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், பொட்டாசியம் அளவு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மெஷின் எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பி வைத்தியம் பார்த்தால் ஆபத்து. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்த குழாயில், மேலே தெளிந்து நிற்கும் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று கண் சொல்ல வேண்டும், வார்டுக்குப் போன் செய்து வேறு சாம்பிள் கேட்கத் தோன்ற வேண்டும். ஆயிரக்கணக்கான சாம்பிளைக் கையில் பிடித்தவனுக்குத்தான் அது பழக்கமாகும்.

ஆகவே, மெஷினோடும் ஆஸ்பத்திரியோடும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலைகளுக்கு, அதாவது லேப், ரேடியோகிராபி, ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) மற்றும் அனஸ்தீசியா (மயக்க மருந்து) டெக்னாலஜி, டயாலிசிஸ், கார்டியாக் டெக்னாலஜி ஆகியவற்றுக்கு, கூட்டம் அதிகமுள்ள அரசு ஆஸ்பத்திரிதான் நல்ல பள்ளிக்கூடம். அங்கே எஸ்கேலேட்டர் இருக்காது. வகுப்பறை மின்விசிறி சத்தம் போடும். ஒரு சி.டி. மெஷின் பழுதானால் சரியாக நாளாகும். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனாலும் நள்ளிரவில் விபத்துக் கேஸ் ஐந்து ஒன்றாக வந்து இறங்கும்போது எதை முதலில் எடுப்பது, கழுத்து எலும்பு முறிந்தவரை எப்படி அசைக்காமல் படம் பிடிப்பது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

சரி, பணம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். தனியாரில் அரசு ஒதுக்கீட்டுச் சீட் என்றாலே பத்தாயிரங்களில் போகும். பஸ், சீருடை, தேர்வு, 'இதர' என்று சேர்த்தால் இன்னும் ஏறும். மேனேஜ்மென்ட் கோட்டா லட்சத்தைத் தாண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். அரசுக் கல்லூரியில் படித்தால் கட்டணமும் பஸ் செலவும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தனியார் ஆஸ்பத்திரியில் முதல் சம்பளம் நான் பார்த்தவரை பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. லேபானாலும் எக்ஸ்ரேயானாலும் பிசியோவானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலைந்து லட்சம் கடன் வாங்கிப் படித்த பிள்ளை அந்தச் சம்பளத்தில் ஹாஸ்டலுக்கும் கொடுத்து, பேங்க்குக்கும் கட்டி, வீட்டுக்கும் அனுப்ப முடியாது. இரண்டாம் வருடமே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். படித்த படிப்பு வீணாகப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு வேறு பயம். அடுத்த நாள் தனியாக வந்து கேட்டார். எக்ஸ்ரே ரூமில் வேலை பார்த்தால் கல்யாணம், குழந்தை என்று வரும்போது பிரச்சினை வராதா? நியாயமான கேள்வி, அதைக் கேட்க அவர் கூச்சப்படத் தேவையே இல்லை. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர்கள் டி.எல்.டி. பேட்ஜ் என்ற சின்ன அட்டையை மார்பில் அணிந்திருப்பார்கள். உடம்பில் எவ்வளவு பட்டிருக்கிறது என்பதை அது பதிவு செய்யும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பு, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, விதிப்படி வேலை செய்யும் ரேடியோகிராபருக்கு அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக வேண்டியிருக்காது. கர்ப்பமானால் உடனே தெரிவிக்க வேண்டும், வேலையை மாற்றித் தருவார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சே கிடையாது. பயப்பட வேண்டியது பேட்ஜ் தராமல் வேலை வாங்கும் இடங்களைப் பார்த்துத்தான். அப்படியும் சில இடங்கள் இருக்கின்றன.

ஸ்கேன் என்றதும் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனை நினைத்துக்கொண்டு இந்தப் படிப்பைக் கேட்டு வருபவர்களும் உண்டு. அது வேறு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டத்தின் கீழ் அதைத் தகுதிபெற்ற டாக்டர்கள்தான் எடுக்கலாம். ரேடியோகிராபரின் வேலை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம்.

பிசியோவுக்கு வரும்போது என் அளவுகோலைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. லேப்காரனும் ரேடியோகிராபரும் மெஷின் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கையோடு தொழிலைக் கொண்டுபோகலாம். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரலாம், ஊரிலேயே சின்னதாக கிளினிக் போடலாம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடுவீடாக பிசியோதெரபிஸ்ட்டை அனுப்புகிறது. முன்பெல்லாம் கிராமத்தில் பிசியோ என்றால் யாருக்கும் தெரியாது. இப்போது "அந்த எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்கிற பொண்ணு" என்று வழி காட்டுகிறார்கள்.

பேச்சு மற்றும் செவித்திறன் படிப்பும், பி.ஏ.எஸ்.எல்.பி. என்பார்கள், இந்த வகையைச் சேர்ந்ததுதான். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்கும் கருவியை வைக்கிறார்கள். ஆனால் கருவியை வைத்துவிட்டால் குழந்தை பேசிவிடாது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகக் கேட்கப் பழக்க ஆள் வேண்டும். அந்த ஆள் போதுமான அளவு இல்லை. அரசில் சீட் மிகக் குறைவு. கிடைத்தால் நான் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன். இவர்கள் பதிவு செய்ய வேண்டியது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில். சேரும் முன்பே அந்தக் கல்லூரிக்கு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது, மைசூரில் 1960-களிலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அவையும் பொது நிறுவனங்களே, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கண் பரிசோதனைப் படிப்பான பி.ஆப்டம்-ஐயும் இங்கேயே சேர்த்துவிடலாம். கண்ணாடிக் கடையிலிருந்து பெரிய கண் ஆஸ்பத்திரி வரை வேலை இருக்கிறது, சொந்தமாகவும் நடத்தலாம்.

இப்படித் தனித்து நிற்கக்கூடிய தொழில்களில், படிப்புதான் முக்கியம், கல்லூரி இரண்டாவது என்று சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை. பிசியோ கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதில் சொந்த ஆஸ்பத்திரியே இல்லாமல், பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்கு வாரம் இரண்டு நாள் பிள்ளைகளை அனுப்பி ஒப்பேற்றுபவையும் இருக்கின்றன. அங்கே வருடக்கணக்கில் படிப்பதைவிட ரேடியோகிராபி எவ்வளவோ மேல். அரசில் பி.பி.டி. வேண்டும் என்றால் திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது, சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கட் ஆஃப் அதிகம்தான். பட்டியலில் மேலே போட்டுவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி டிப்ளமா. இதில்தான் குடும்பங்கள் ரொம்பக் குழம்புகின்றன, காரணம் இல்லாமலும் இல்லை. அரசு மருத்துவத் துறைக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி., லேப் டெக்னீஷியன் கிரேடு-3 பணிக்கு ஓராண்டுச் சான்றிதழ் படிப்பையே தகுதியாகக் கேட்டிருக்கிறது. நாலு வருடம் டிகிரி படித்துவிட்டு அந்த அறிவிப்பைப் பார்த்துக் கண் கலங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். "அப்போ எதுக்கு டிகிரி?" என்று அப்பாக்கள் கேட்பது இதனால்தான். அரசு வேலை ஒன்றுதான் குறி, வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்றால், அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி. தவறான முடிவு அல்ல. நானே அப்படி வந்தவன்தான்.

ஆனால் காற்று இப்போது வேறு பக்கம் அடிக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. அந்தச் சட்டம் இரண்டு வகுப்பாகப் பிரிக்கிறது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் ஒரு வகை. மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் பெற்றவர் இன்னொரு வகை. ஓராண்டுச் சான்றிதழ் இரண்டிலும் அடங்காது. வருங்காலத்தில் பதிவேட்டில் பெயர் இல்லாமல் வேலை பார்ப்பது கஷ்டமாகும். அதே ஆணையம் 2025-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் பிசியோதெரபி இன்டர்ன்ஷிப்போடு ஐந்து ஆண்டாகிறது. அதே வருடம் யு.ஜி.சி.யும் இந்தத் துறைப் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் டிகிரிதான் வழி. இங்கிலாந்தில் ரேடியோகிராபர், பிசியோதெரபிஸ்ட் இருவருமே அங்குள்ள எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் ஏறினால்தான் வேலை செய்ய முடியும். வளைகுடாவிலும் சான்றிதழ்களைச் சரிபார்த்து, தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

அதனால் இன்று பதினெட்டு வயதில் இருக்கும் பிள்ளைக்கு, முடிந்தவரை டிகிரி என்பதுதான் என் கருத்து. நான் படித்த காலத்துக்கு டிப்ளமா போதுமானதாக இருந்தது. அவள் வேலை பார்க்கப்போவது இன்னும் நாற்பது வருடம்.

நர்சிங்கையும் பி.ஃபார்மையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே விண்ணப்பத்தில், ஒரே கலந்தாய்வில் வந்தாலும் அவை வேறு கவுன்சில்களின் கீழ் வருபவை. நர்சிங்குக்கு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் தேவையை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மனசும் நைட் டியூட்டி தாங்கும் உடம்பும் இருந்தால், அரசில் பி.எஸ்சி. நர்சிங் கிடைத்த பிள்ளை மேலே சொன்ன எதையும் யோசிக்கவே தேவையில்லை.

யாரும் கேட்காத சில படிப்புகளையும் சொல்லியாக வேண்டும். பெர்ஃபியூஷன் டெக்னாலஜி என்று ஒன்று. இதய அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் முழுக்க, ரத்த ஓட்டத்தை மெஷின் மூலம் நடத்துபவர் இவர்தான். வேலைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், ஆனால் ஆட்களும் கொஞ்சம்தான். டயாலிசிஸ் வேறு மாதிரி. ஒரு நோயாளி வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் உங்கள் முன் படுத்திருப்பார். வருடக்கணக்கில் வருவார். கையில் ஊசி குத்தும் இடம் முதல் பேரன் பெயர் வரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திடீரென்று ஒரு நாள் அந்தப் படுக்கை காலியாகவும் இருக்கும். அதைத் தாங்கக்கூடியவர்கள் மட்டும் அங்கே போக வேண்டும் என்பேன். டாக்டருக்கு உதவியாக வேலை செய்யும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு 1992-ல் சென்னையில், இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம். செரியன் முயற்சியில் தொடங்கியது. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் மதிப்பு உண்டு, நம் ஊர் ஜி.ஹெச்.சில் இன்னும் அவ்வளவு இடமில்லை.

நீட் எழுதி ஓரளவு மதிப்பெண் வைத்திருப்பவர்கள் புதுச்சேரி ஜிப்மரை மறக்கக் கூடாது. அங்கே துணை மருத்துவப் படிப்புகளுக்கு நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதுதான் நான் பார்த்துவந்த நடைமுறை. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, அதனால் தகவல் தொகுப்பை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் படிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில் நடக்கும் 'பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட்'. ஆறு மாதத்தில் வேலை என்பார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: பட்டமா இருந்தால் எந்தப் பல்கலைக்கழகம், டிப்ளமாவா இருந்தால் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மூலம் சேர்க்கிறீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று என் சொந்த அனுபவம். முதல் வேலையில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரி என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. வேறு நல்ல வேலை கிடைத்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அம்மாவின் வளையல் அதற்குத்தான் போனது. எந்த வேலைக்குச் சேர்ந்தாலும் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினாள். "மாமா, எக்ஸ்ரே ரூம் உள்ளே எப்படி இருக்கும்னு பார்க்கலாமா?" தெரிந்த ரேடியோகிராபரிடம் அனுமதி கேட்டு, மறுநாள் காலை கூட்டிப்போனேன். இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வலியில் யாரையும் தொடவிடவில்லை. ரேடியோகிராபர் அவர் காதருகே குனிந்து, "தாத்தா, ஒரே ஒரு தடவை, நான் எண்ணுறேன்" என்று சொல்லி, முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு திண்டு வைத்து, இரண்டு நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டார். திரையில் எலும்பு வந்தது. இவள் கதவோரம் நின்று அந்தப் பெரியவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது எலும்பு எங்கே முறிந்திருந்தது என்று என்னிடமே விளக்கினாள்.

அன்றிரவு பட்டியலைத் திருத்தினோம். முதலில் திருச்சியிலும் கே.கே. நகரிலும் அரசு பி.பி.டி., அடுத்து வீட்டிலிருந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள அரசுக் கல்லூரிகளில் ரேடியோகிராபி, அதற்கடுத்து அவற்றிலேயே அனஸ்தீசியா டெக்னாலஜி. தனியார் பி.பி.டி.யில் சொந்த ஆஸ்பத்திரி உள்ள இரண்டு கல்லூரிகளை மட்டும் கடைசியில் வைத்தாள். டி.எம்.எல்.டி. விண்ணப்பத்தை அப்பா தனியாகப் போட்டுவைத்தார். இரண்டாம் சுற்றில் ரேடியோகிராபி கிடைத்தது.